துடைப்பத்தால் எழுதிய நுழைவுத் தேர்வு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க டீச்சர் என்று நம் சங்கத்தார் கேட்டபோது, விடுதி நாட்களைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அதை என்னைவிடச் சுவையாக எழுதக் கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருடா வருடம் எழுதியும் வருகிறார்கள். அதனால் இந்த முறை வேறொருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரும் நம்மைப் போல ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். படித்து முடித்ததும் சொந்த ஊரிலே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுக்கப் போனவர். பிற்பாடு உலகமே அறிந்த பெயராகிப் போனார். அவர் பெயர் புக்கர் டி. வாஷிங்டன்.

இப்போது நம் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளிடம் பேசும்போது ஒரு விஷயம் எனக்கு மனசைச் சங்கடப்படுத்துகிறது. வேறு இடம் கிடைக்கவில்லை, அதான் டீச்சர் டிரெய்னிங் வந்தேன் என்று சில பேர் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். ஒண்ணாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுப்பது என்னமோ கீழ்ப்படி மாதிரி ஒரு நினைப்பு. அந்த நினைப்பு உள்ளவர்கள் இந்த மனிதரின் கதையை ஒரு முறை முழுசாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பிறந்த நாள் தெரியாத பிள்ளை

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபிராங்க்ளின் கவுண்டி என்ற பகுதியில், ஒரு புகையிலைப் பண்ணையில் 1856-ஆம் ஆண்டு புக்கர் பிறந்தார். ஆண்டுகூட ஆராய்ச்சியாளர்கள் பின்னால் கணக்குப் பார்த்துச் சொன்னதுதான். அவருக்கே தம் பிறந்த நாள் தெரியாது. அடிமைப் பிள்ளைக்கு யார் ஜாதகம் எழுதுவார்கள்? பண்ணைக் கணக்கில் ஆடு மாடு, ஏர் கலப்பையோடு சேர்த்து இத்தனை ரூபாய் பெறும் என்று அடிமைகளின் பெயரையும் எழுதி வைக்கிற காலம் அது.

தாய் ஜேன் அந்தப் பண்ணையின் சமையற்காரி. தகப்பன் ஒரு வெள்ளைக்காரர் என்பதைத் தவிர வேறு எதுவும் பிள்ளைக்குத் தெரியாது. சமையலறையே வீடு. மண் தரை. கட்டில் கிடையாது, தரையில் கந்தைத் துணி விரித்துத்தான் படுக்கை. அண்ணன் ஜான், தங்கை அமாண்டா, இவர் என்று மூன்று பிள்ளைகள்.

பண்ணையார் வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகும்போது அவளுடைய புத்தகங்களைச் சுமந்துகொண்டு போவது இந்தச் சிறுவனின் வேலைகளில் ஒன்று. பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும்தான் போகலாம். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படிப்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அடிமைகளைக் கூட்டி வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது அந்த மாநிலத்தில் சட்ட விரோதம். அந்தச் சட்டம் வந்தது 1831-இல். அறிவு வந்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்பது எஜமானர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒண்ணாம் வகுப்புப் பாடத்தின் வலிமையை நம்மைவிட அவர்கள் அதிகமாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்றுகூட நான் நினைப்பதுண்டு.

பீப்பாயில் கிடைத்த முதல் எண்

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. ஏறத்தாழ 40 லட்சம் பேருக்கு விடுதலை கிடைத்தது. ஜேன் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊருக்குப் போனாள். புருஷன் அங்கே உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலை பார்த்தார். அவர் புக்கருக்கு மாற்றாந் தகப்பன். போன கையோடு பிள்ளைகளையும் உப்பாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

உப்பு நிரப்பிய பீப்பாய்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய எண்ணைக் குறித்து வைப்பார்கள். மாற்றாந் தகப்பனுடைய எண் 18. நாளெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து அந்தச் சிறுவன் 18 என்று எழுதக் கற்றுக்கொண்டான். அவன் வாழ்க்கையில் கற்ற முதல் பாடம் அதுதான். வேறு ஒரு எண்ணோ எழுத்தோ தெரியாது, 18 மட்டும் தெரியும்! கண்ணில் படுகிற பொருளிலிருந்து எண்ணைத் தொடங்குங்கள் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களே, அது இந்தப் பிள்ளைக்கு உப்பாலையில் தானாகவே நடந்திருக்கிறது.

தாய்க்கு எழுத்து வாசனை கிடையாது. இருந்தாலும் எங்கேயோ தேடி வெப்ஸ்டர் எழுதிய நீல அட்டை எழுத்துப் புத்தகம் ஒன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் தகப்பன் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். முதலில் ராத்திரிப் பாடம். அப்புறம் விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு ஓடுவது என்று ஒரு ஏற்பாடு. ஆலை ஓரிடம், பள்ளி ஓரிடம். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் பையன் தவித்து, ஆலையில் இருந்த கடிகாரத்தின் முள்ளைக் கொஞ்ச நாள் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தானாம். மேலாளருக்குச் சந்தேகம் வந்து கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பள்ளிக்கு நேரங்கழித்து வருகிற பிள்ளையைக் கண்டிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிகாரக் கதை நினைவுக்கு வந்து, குரல் தானாகத் தணிந்துபோகும்.

பள்ளியில் பெயர் கூப்பிடும்போது இன்னொரு சிக்கல். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர் இருந்தது, இவனுக்குப் புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வந்ததும் புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டான். வருகைப் பதிவேட்டில் ஏறிய அந்தப் பெயர்தான் பிற்காலத்தில் சரித்திரத்திலும் ஏறியது.

ஐந்நூறு மைல் பயணம்

உப்பாலைக்குப் பிறகு நிலக்கரிச் சுரங்கம். அங்கே வேலை செய்யும்போது இரண்டு பேர் பேசிக்கொண்டதை இருட்டில் நின்று ஒட்டுக் கேட்டான். வர்ஜீனியாவில் கடற்கரை ஓரமாகக் கறுப்பின மாணவர்களுக்கு ஒரு பெரிய பள்ளி இருக்கிறதாம், ஏழைப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டே படிக்கலாமாம். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பையனுக்குத் தெரியாது. பெயர் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது, ஹாம்ப்டன்.

சுரங்கத்திலிருந்து தப்பிக்க, ஊரில் இருந்த ரஃப்னர் என்ற சீமாட்டியின் வீட்டு வேலைக்குப் போனான். மாதம் 5 டாலர் சம்பளம். அந்த அம்மா ரொம்பக் கண்டிப்பு. வேலைக்காரப் பையன்கள் யாரும் அங்கே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. தூசி இருக்கக் கூடாது, வேலி ஆணி கழன்றிருக்கக் கூடாது, சொன்ன வேலை சொன்ன நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். புக்கர் தாக்குப் பிடித்தான். சுத்தம் என்றால் என்ன என்பதை அந்த வீட்டில்தான் கற்றான். அந்த அம்மாவும் படிக்க நேரம் கொடுத்தார்.

1872-இல், பதினாறு வயதில், புக்கர் ஹாம்ப்டனுக்குப் புறப்பட்டார். கையில் கொஞ்சம் காசு. ஊர்ப் பெரியவர்கள் சிலர் கொடுத்த சில்லறையும் கைக்குட்டையும். தூரம் ஏறத்தாழ 500 மைல். பாதி ரயில், பாதி குதிரை வண்டி என்று தொடங்கிய பயணம் காசு தீர்ந்ததும் நடையாக மாறியது. வழியில் ஒரு விடுதியில் நிறத்தைப் பார்த்து இடம் இல்லை என்றுவிட்டார்கள். மலைக் குளிரில் விடிய விடிய நடந்தே உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டார். ரிச்மண்ட் நகரத்துக்கு வந்தபோது கையில் ஒரு காசும் இல்லை. பலகை போட்ட நடைபாதைக்குக் கீழே, துணிமூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். தலைக்கு மேலே ஜனங்கள் நடக்கிற சத்தம். காலையில் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கும் வேலை கிடைத்தது. பல நாள் அங்கேயே உழைத்து, அதே பலகைக்கடியில் படுத்து, மீதி 82 மைலுக்கு வழிச்செலவு சேர்த்தார். ஹாம்ப்டன் வாசலில் நின்றபோது கையிருப்பு 50 சென்ட்.

மூன்று முறை பெருக்கி, நான்கு முறை துடைத்து

ஹாம்ப்டன் எப்படிப்பட்ட இடம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போர் நடக்கும்போதே அடிமைகள் பலர் தப்பி வந்து அந்தக் கடற்கரைக் கோட்டைப் பக்கம் அடைக்கலம் புகுந்தார்கள். 1861-இலேயே மேரி பீக் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கே ஒரு பெரிய ஓக் மரத்து நிழலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அந்த மரம் இன்றைக்கும் நிற்கிறது. 1868-இல் அமெரிக்க மிஷனரி சங்கத்தின் ஆதரவில், சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஹவாய்த் தீவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அந்தக் காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நார்மல் ஸ்கூல் என்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். விடுதலை பெற்ற ஜனங்களுக்குக் கிராமம் கிராமமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களை உருவாக்குவதுதான் ஹாம்ப்டனின் முதல் நோக்கம்.

குளிக்காமல், மாற்றுத் துணி இல்லாமல், பட்டினி கிடந்து வந்த பையனைப் பார்த்ததும் தலைமை ஆசிரியை மேரி மேக்கி அம்மையாருக்குத் தயக்கம். சேர்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மற்றவர்களைச் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டு இவர் மணிக்கணக்காகக் காத்திருந்தார். கடைசியில் பக்கத்து வகுப்பறையைப் பெருக்கச் சொல்லித் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார் அந்த அம்மையார்.

அந்த அறையை புக்கர் மூன்று முறை பெருக்கினார். நான்கு முறை துடைத்தார். பெஞ்சு, மேசை, சுவரோர மரவேலை எதையும் விடவில்லை. ஒவ்வொரு சாமானையும் நகர்த்தி அதன் அடியிலும் சுத்தம் செய்தார். மேக்கி அம்மையார் வந்து, தம் கைக்குட்டையை எடுத்து மேசை மேலும் பெஞ்சு மேலும் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பையனுக்கு இடம் கிடைத்தது!

நம் விடுதியிலும் காலை ஐந்தரை மணிக்குத் துடைப்பம் பிடிக்காதவர் யார்? எங்கள் காலத்து வார்டன் அம்மா ஜன்னல் கட்டையில் விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே போவாங்க. நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். பின்னாளில் ஓட்டைக் கட்டடத்தில் பள்ளி நடத்தும்போதுதான் அந்த விரலின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அறை சுத்தமாக இருந்தால், இது நமக்காகத் தயாராக வைத்திருக்கிற இடம் என்று பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் யாரும் எதிர்பார்த்துக் காத்திராத பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

புத்தகத்தில் இல்லாத பாடங்கள்

சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மாதம் 10 டாலர் கட்ட வேண்டும். புக்கருக்குக் கட்டடக் காவலும் துப்புரவும் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வகுப்பறைகளில் கணப்பு மூட்டுவார். ராத்திரி வெகுநேரம் வேலை இருக்கும். நடுவில் படிப்பு. ஆண்டுக் கட்டணம் 70 டாலரை நியூ பெட்ஃபோர்டில் இருந்த ஒரு நல்ல மனிதர் கட்டினார். அப்படியும் முதலாண்டு முடிவில் 16 டாலர் பாக்கி. நீ எப்போது முடியுமோ அப்போது கட்டு, உன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருளாளர் விட்டுவிட்டார். அந்த நம்பிக்கையை புக்கர் மறக்கவே இல்லை.

இடம் போதாமல் ஒரு குளிர்காலம் முழுக்க மாணவர்கள் கூடாரத்தில் படுத்தார்கள். காற்றடித்துக் கூடாரம் தூக்கிக்கொண்டு போகும். காலையில் ஆம்ஸ்ட்ராங் வந்து ஒவ்வொரு கூடாரமாக விசாரிப்பார். அவர் வந்து நின்றாலே எங்களுக்குக் குளிர் போய்விடும் என்கிற மாதிரி இருந்ததாம் பிள்ளைகளுக்கு.

நேரத்துக்குச் சாப்பாடு, மேசை விரிப்பு, தினமும் குளியல், பல் தேய்க்கும் பிரஷ், எல்லாமே அந்தப் பிள்ளைக்குப் புதுசு. கட்டிலில் இரண்டு விரிப்புப் போட்டிருந்தார்கள். முதல் ராத்திரி இரண்டுக்கும் கீழே படுத்தார். மறு ராத்திரி இரண்டுக்கும் மேலே படுத்தார். மற்ற பையன்களைப் பார்த்துத்தான் இரண்டுக்கும் நடுவில் படுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கு முதல் தலைமுறையாக வருகிற பிள்ளை இப்படி எத்தனை விஷயத்தை வெட்கத்தோடு, யாரிடமும் கேட்காமல், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது! நாம் அதைக் கவனிக்கிறோமா?

நாதலி லார்ட் என்ற ஆசிரியை அவருக்கு வேதாகமத்தை ரசித்து வாசிக்கவும், மூச்சைச் சரியாக விட்டு, நிறுத்தி, அழுத்தம் கொடுத்துப் பேசவும் தனியாகப் பயிற்சி கொடுத்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் பேசிய நாவன்மைக்கு விதை அங்கேதான் விழுந்தது. 1874 கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தாய் இறந்துபோனாள். நீல அட்டைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவள், மகன் ஆசிரியராவதைப் பார்க்க இல்லை. மறு ஆண்டு, 1875 ஜூனில், புக்கர் படிப்பை முடித்தார்.

மால்டன் பள்ளிக்கூடத்து வாத்தியார்

ஊருக்குத் திரும்பி, தான் படித்த அதே மால்டனில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஆசிரியரானார். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு பத்து மணிக்குத்தான் ஓயும். பகலில் பிள்ளைகள். ராத்திரியில் சுரங்க வேலை முடிந்து வருகிற பெரியவர்கள். இரவுப் பள்ளியிலும் பகல் அளவுக்குக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்தில் ஓய்வுநாள் பள்ளி. எழுத்து, கணக்கோடு தலை சீவுவது, குளிப்பது, பல் துலக்குவது எல்லாம் அவர் பாடத்திட்டத்தில் இருந்தது.

இதைப் படித்தபோது நான் முதலில் வேலைக்குப் போன கிராமம் நினைவுக்கு வந்தது. பள்ளி அலமாரியில் சாக்பீஸ் பெட்டி பக்கத்தில் ஒரு சீப்பும் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் வைத்திருந்தேன். பாடக் குறிப்பில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் தலை வாரிப் பொட்டு வைத்துவிட்ட பிள்ளை அன்றைக்கு முதல் வரிசையில் வந்து உட்காரும். இதை நம்மில் எத்தனையோ பேர் செய்திருக்கிறோம். யாரும் இதை எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

தான் மட்டும் முன்னேறினால் போதாது என்று, தன்னைப் படிக்க வைக்க உழைத்த அண்ணன் ஜானை ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். மால்டனிலிருந்து இன்னும் பலரைத் தயார் செய்து அனுப்பினார். பிறகு வாஷிங்டன் நகரில் வேலண்ட் இறையியல் பள்ளியில் சில மாதம் படித்துவிட்டு, 1879-இல் ஹாம்ப்டனுக்கே ஆசிரியராகப் போனார். பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு என்று வந்த ஏழை மாணவர்களின் இரவுப் பள்ளியை நடத்தினார். அமெரிக்கப் பழங்குடிப் பையன்களின் விடுதியையும் பார்த்துக்கொண்டார்.

ஒழுகுகிற கூரையில் ஒரு கல்லூரி

1881-இல் தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற சிற்றூரிலிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு கடிதம் வந்தது. கறுப்பின ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப் போகிறோம், தலைமை ஏற்க ஒருவரை அனுப்புங்கள் என்று. வெள்ளைக்காரர் ஒருவரைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங் தம் பழைய மாணவர் புக்கர் பெயரைச் சொன்னார். அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

போய்ப் பார்த்தால் அங்கே நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை! அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியிருந்தது. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். 1881 ஜூலை 4-ஆம் தேதி, ஒரு தேவாலயத்தையும் அதன் பக்கத்துக் குடிசையையும் வைத்துக்கொண்டு 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து ஆசிரியர் தலைக்குக் குடை பிடிப்பார், இவர் பாடம் நடத்துவார். அந்த முப்பது பேரில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிராமப் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். பயிற்சி இல்லாமலே வகுப்பில் நின்றவர்கள், பயிற்சி தேடி வந்திருந்தார்கள்.

சில வாரத்தில் ஹாம்ப்டனில் படித்த ஒலிவியா டேவிட்சன் ஆசிரியையாக வந்து சேர்ந்தார். வீடு வீடாகப் போய், பலகாரம் செய்து விற்று, பணம் சேர்ப்பதில் அவர்தான் முன்னின்றார். பிற்பாடு புக்கரின் மனைவியுமானார். ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த 100 ஏக்கர் பண்ணை 500 டாலருக்கு வந்தது. முன்பணம் 250 டாலரை ஹாம்ப்டன் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கடன் கொடுத்தார். அன்றைக்கு 16 டாலர் பாக்கிக்கு நம்பிக்கை வைத்த அதே மனிதர்தான்!

கட்டடம் கட்டச் செங்கல் வேண்டும். மாணவர்களே அறுத்துச் சூளை போட்டார்கள். முதல் சூளை கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது முக்கால்வாசி வெந்த நிலையில் சரிந்தது. ஆசிரியர்கள்கூட விட்டுவிடுங்கள் என்றார்கள். புக்கர் தம் கடிகாரத்தை அடகு வைத்து 15 டாலர் கொண்டுவந்து நான்காவது சூளை போட்டார். வெந்தது. பிறகு அந்த ஊர் வெள்ளைக்காரர்களே டஸ்கீகிச் செங்கலை விலைக்கு வாங்க வந்தார்கள். அடகு வைத்த கடிகாரத்தை அவர் மீட்கவே இல்லை.

1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற வேளாண் விஞ்ஞானி டஸ்கீகிக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களும் கைவினைஞர்களும் அங்கிருந்து கிராமங்களுக்குப் போனார்கள். 1903-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் தம் இந்தியன் ஒப்பீனியன் இதழில் புக்கரின் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். கைத்தொழிலோடு சேர்ந்த கல்வி என்று நம் நாட்டில் பின்னாளில் பேசப்பட்டதற்கும் டஸ்கீகிக்கும் உள்ள உறவை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு ஆசிரியர் சொன்ன மறுப்பு

இத்தோடு நிறுத்தினால் அது புகழ்மாலையாகிவிடும். இவரைக் கடுமையாக விமர்சித்தவரும் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் அவர் பெயர். அதே அமெரிக்க மிஷனரி சங்கத்தாரின் இன்னொரு கல்லூரியான ஃபிஸ்கில் படித்தவர். படிக்கும்போதே கோடை விடுமுறைகளில் டென்னஸி கிராமத்துப் பள்ளியில் பாடம் எடுத்தவர்.

1895-இல் அட்லாண்டா நகரத்துப் பொருட்காட்சியில் புக்கர் பேசிய பேச்சு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கறுப்பின மக்கள் முதலில் தொழிலிலும் உழைப்பிலும் நிலைத்து நிற்கட்டும், சமூக சமத்துவத்துக்கு இப்போது அவசரப்பட வேண்டாம் என்பது அதன் சாரம். வெள்ளையர்கள் கை தட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்திலேயே தெற்கு மாநிலங்கள் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறித்துக்கொண்டிருந்தன. அலபாமா 1901-இல் அதற்காகவே புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. 1903-இல் டு போய்ஸ் தம் நூலில் கேட்டார்: ஓட்டும் இல்லாமல், உயர்கல்வியும் இல்லாமல், உழைப்பு மட்டும் எப்படி ஒரு சமூகத்தைக் காப்பாற்றும்? கைத்தொழிற்பள்ளிக்குக்கூட ஆசிரியர்கள் உயர்கல்விக் கூடத்திலிருந்துதானே வர வேண்டும்?

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரையும் வாசித்த பிறகு நான் டு போய்ஸ் பக்கம்தான் சாய்கிறேன். பொறுமை வேறு, உரிமையைத் தள்ளி வைப்பது வேறு. ஆனால் புக்கரின் தனிக் கடிதங்கள் பிற்காலத்தில் வெளியானபோது ஒரு செய்தி தெரிந்தது. வெளியே அமைதியாகப் பேசிய அந்த மனிதர், ஓட்டுரிமை பறிப்பை எதிர்த்து நடந்த நீதிமன்ற வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்திருக்கிறார். வாய்விட்டுச் சொன்னால் பள்ளியையே கொளுத்திவிடுவார்கள் என்ற பயம் நிறைந்த ஊரில் அவர் வாழ்ந்தார். அதைச் சரி என்று சொல்ல வரவில்லை. அந்த மனிதர் எவ்வளவு பாரம் சுமந்தார் என்பது இதில் தெரிகிறது, அதற்காகச் சொல்கிறேன்.

பணிவு ஆசிரியருக்கு அழகு என்று நமக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். துடைப்பம் பிடிக்கிற பணிவு நல்லது. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்குப் பணிவு என்று பெயர் வைத்துவிடக் கூடாது. கழிப்பறை இல்லையென்றாலும், ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்றாலும், எழுதிக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புக்கரிடமிருந்து அறையைப் பெருக்கக் கற்போம், டு போய்ஸிடமிருந்து கேள்வி கேட்கக் கற்போம்.

கடைசிக் காலத்து வேலை

தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் திரும்பவும் தொடக்கப் பள்ளிக்கே வந்தார். கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகள் தேவாலயத்திலும் கொட்டகையிலும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற சிகாகோ வணிகர் 1912-இல் டஸ்கீகிக்குக் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதியை, கிராமத் தொடக்கப் பள்ளிகள் கட்டச் செலவிடலாமா என்று புக்கர் கேட்டார். சரி என்றார் வணிகர். நன்கொடை ஒரு பங்கு, ஊர் ஜனங்களின் பணமும் உழைப்பும் ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்பது ஏற்பாடு. முதலில் டஸ்கீகி அருகே ஆறு பள்ளிகள் எழுந்தன. நிறைய ஜன்னல், நல்ல வெளிச்சம், உறுதியான கூரை.

அந்த வேலை பெருகுவதைப் பார்க்க அவர் இல்லை. ஓயாத அலைச்சலில் உடம்பு தேய்ந்து, 1915 நவம்பர் 14 அன்று டஸ்கீகியில் காலமானார். வயது 59. அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். முப்பது மாணவர்களோடு தொடங்கிய இடத்தில் அப்போது 1,500 பேர் அளவுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொடங்கி வைத்த கிராமப் பள்ளித் திட்டமோ 1932-க்குள் பதினைந்து மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளாக வளர்ந்திருந்தது. ஹாம்ப்டனும் டஸ்கீகியும் இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள்.

அந்த 5,000 பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் தலைமுறைதான் பின்னால் சம உரிமைப் போராட்டத்தில் தெருவில் இறங்கி நடந்தது. ஜான் லூயிஸ் போன்ற தலைவர்கள் ரோசன்வால்ட் பள்ளியில் படித்தவர்கள். அவசரம் வேண்டாம் என்று அட்லாண்டாவில் பேசியவர் கட்டிய பள்ளியிலிருந்தே, இனியும் பொறுக்க மாட்டோம் என்ற பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒண்ணாம் வகுப்பு ஆசிரியர் என்ன நினைத்துப் பாடம் எடுத்தாலும், அந்தப் பாடம் அவரையும் தாண்டிப் போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே, இப்போது பயிற்சியில் இருக்கிற என் அன்புத் தங்கைகளே, தம்பிகளே, நீங்கள் வேலைக்குப் போகிற ஊரில் எப்படிப்பட்ட கட்டடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை எந்த எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு உங்கள் முன்னால் வந்து உட்காரும் என்றும் தெரியாது. ஆட்டோவின் பின்பக்கத்து எண்ணாக இருக்கலாம், சிமெண்டு மூட்டையில் போட்ட எண்ணாக இருக்கலாம். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் கரும்பலகையில் எழுதுங்கள். அங்கேயிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.